கோதுமையில் ஐந்து கிடையாது

அழாமல் வந்து உட்காருகிற கட்சிக்காரர்களை எனக்குப் பிடிக்காது. அழுதால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கலாம், டிஷ்யூ பெட்டியை நகர்த்தலாம், ‘கவலைப்படாதீங்க, நாங்க இருக்கோம்’ என்று பெரிய மனுஷன் போல் சொல்லலாம். எனக்குத் தெரிந்த தொழில் அவ்வளவுதான். மிச்சத்தை அண்ணி பார்த்துக்கொள்வார்.

காலை ஒன்பது மணிக்கு வந்த அந்தப் பெண்மணி அழவில்லை. நாற்பது வயதிருக்கும். வலது கை ஆள்காட்டி விரலில் தடிமனாக ஒரு கட்டு.

“என் வீட்டுக்காரரை இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்குள்ள காப்பாத்தணும்,” என்றார். பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரல்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். “ஏழு மணி நேரம் இருக்கே. நடுவுல சாப்பிட அரை மணி விடுவீங்கல்ல?”

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். முன்பெல்லாம் அந்தப் பார்வையில் எரிச்சலாவது இருக்கும். இப்போது அதுவும் இல்லை.

இந்தத் துப்பறியும் நிலையம் என் அண்ணனுடையது. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சிக்னலில் பச்சை விளக்குக்காகக் காத்திருந்தவன், பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்து போனார்கள். மாரடைப்பு. அடுத்த வாரம் அண்ணி வந்து ஆபீஸ் கதவைத் திறந்தார். போர்டில்தான் அண்ணன் பெயர், கேஸை உடைத்தது எப்போதும் அண்ணிதான்; அது அண்ணனுக்கே தெரியும். அன்றிலிருந்து அண்ணியும் அழவில்லை, நானும் அழவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருக்கிறோம். கிள்ளினால் தெரியாது. நான் மட்டும் பழக்க தோஷத்தில் ஜோக் அடித்துக்கொண்டிருக்கிறேன். யாரும் சிரிப்பதில்லை. நானும்தான்.

“சொல்லுங்க,” என்றார் அண்ணி.

அந்தப் பெண்மணியின் கணவர் ஒரு தரகு நிறுவனத்தில் டீலர். அமெரிக்கச் சந்தையில் பியூச்சர்ஸ் வியாபாரம். பொருளைக் கண்ணால் பார்க்காமலே, மூன்று மாதம் கழித்து இன்ன விலைக்கு என்று இன்றைக்கே வாங்கி விற்கிற தொழில். அங்கே ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பொருள். இவர் கணவருக்குக் கோதுமை. பத்தொன்பது வருடம் கோதுமையைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. அந்த ஆபீசில் அவருக்குப் பெயரே ‘கோதுமை’தான்.

“எட்டு நாளைக்கு முன்னாடி கம்பெனிக்காக முன்னூறு லாட் வித்தாரு. வித்தவங்களுக்கு விலை ஏறுனா நஷ்டம். இந்த அளவுக்கு மேல ஏறுச்சுன்னா நஷ்டத்தோட வெளிய வந்துடுன்னு முன்கூட்டியே ஒரு விலை குடுத்து வெப்பாங்க. அதுக்குப் பேரு ஸ்டாப். அந்த ஸ்டாப்பை அவரு தப்பா குடுத்துட்டாராம். லாட்டுக்கு நூறு டாலர் போக வேண்டியது, நானூறு போயிடுச்சு.”

“அப்ப கூடுதலா தொண்ணூறாயிரம்,” என்றார் அண்ணி, காகிதம் பேனா எதுவும் இல்லாமல்.

“ஆமா. வீட்டை எழுதிக் குடுத்துட்டு வேலையை விட்டுப் போயிடுங்கறாரு முதலாளி. இல்லேன்னா மோசடின்னு போலீசுக்குப் போவாராம். நாலு மணிக்குக் கையெழுத்து.”

“உங்க வீட்டுக்காரரு என்ன சொல்றாரு?”

“ஒண்ணும் சொல்லலை. எட்டு நாளா வாயே திறக்கலை. கையெழுத்துப் போடப் போறேன்னு மட்டும் நேத்து சொன்னாரு.”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

அவர் விரல் கட்டைப் பார்த்தார். “நான் மூக்குக்கண்ணாடிக் கடையில லென்ஸ் வெட்டுறவ. அன்னிக்கு மெஷின்ல விரல் மாட்டிக்கிச்சு. அவருக்கு போன் பண்ணேன். போட்டது போட்டபடி ஓடி வந்தாரு. அந்த அவசரத்துல தப்பு நடந்திருந்தா அது என்னாலதானே? நரம்பு நசுங்கிடுச்சாம். விரல் மரத்தே கிடக்கு. ஊசியால குத்திப் பார்த்தேன், தெரியலை.”

அதையும் பஸ் விசாரிக்கிற குரலில்தான் சொன்னார். பிறகு பையிலிருந்து முதலாளியின் நோட்டீசையும் அதனோடு வந்த நகலையும் எடுத்து வைத்தார். டீலர்கள் ஆர்டர் எழுதும் மஞ்சள் ஸ்லிப்பின் நகல் அது. நேரம் 11.58. ‘300, ஸ்டாப் 612-5.’ கீழே கணவரின் இனிஷியல்.

“அந்த ஆபீஸ்ல உங்களுக்கு வேற யாரைத் தெரியும்?”

“என் தம்பி. பக்கத்து மேசை. கச்சா எண்ணெய் பார்க்குறான். இவருதான் சேர்த்துவிட்டாரு. அம்மா போனப்புறம் நான் வளர்த்த பையன்.” முதல் முறையாகக் குரல் கொஞ்சம் இளகியது. “அவன்தான் மேடம் தினமும் வந்து, மாமா சாப்பிட்டாரான்னு கேட்டுட்டுப் போறான்.”

அண்ணி எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார். நான் வண்டிச் சாவியை எடுத்தேன். அண்ணன் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனோம். அதில் யாரும் உட்காருவதில்லை.

*

கோதுமைக்காரர் வீட்டில் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். சட்டை இஸ்திரி போட்டது, காலில் ஷூ. நாலு மணிக் கையெழுத்துக்குக் காலை பத்து மணிக்கே தயாராகிவிட்ட மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

“கல்யாண மாப்பிள்ளைகூட இவ்வளவு சீக்கிரம் ரெடியாக மாட்டாரு சார்,” என்றேன்.

அவர் குனிந்து ஷூ லேசைச் சரிசெய்தார். சரி, ஆளைப் பேச வைப்போம் என்று நோட்டீசை எடுத்து உரக்கப் படித்தேன். “‘அறுநூத்தி நாலரை சென்ட் விலைக்கு முன்னூறு லாட் விற்று...’”

“அறுநூத்தி நாலு, நாலு,” என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல.”

பாவம், திக்குகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அண்ணி மட்டும் தலையை லேசாகச் சாய்த்தார். அண்ணி தலை சாய்ந்தால் எங்கேயோ ஒரு கதவு திறக்கிறது என்று அர்த்தம்.

ஸ்லிப் நகலை அவர் கையில் கொடுத்தார் அண்ணி. “இது நீங்க எழுதுனதா?”

அவர் வாங்கிப் பார்த்தார். கட்டைவிரல் எழுத்துகளின் மேலாக நகர்ந்து கடைசி எண்ணில் வந்து நின்றது. இரண்டு விநாடி இருக்கும். பிறகு தாளைக் குப்புறத் திருப்பி மேசையில் வைத்தார்.

“ஆமா. நான்தான். வீடு போனா போகட்டும். நீங்க கிளம்புங்க.”

தண்ணீர் குடிக்கிற சாக்கில் நான் சமையலறைக்குப் போனேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு மளிகை லிஸ்ட் ஒட்டியிருந்தது. ‘பால் 1-4. சர்க்கரை 2-4. சோப்பு 3.’

“அக்கா, ஒண்ணுலேர்ந்து நாலு லிட்டர் பாலா? மாடு அன்னிக்கு என்ன மூடுல இருக்கோ அதைப் பொறுத்தா?”

லென்ஸக்கா சிரிக்கவில்லை. “அது அவரு எழுதுறது. பழகிப்போச்சு, எனக்குப் புரியும்,” என்று சொல்லிவிட்டு டம்ளரை வாங்கிக் கழுவினார்.

என் பின்னால் வந்து நின்ற அண்ணி அந்த லிஸ்டை மூன்று முறை படித்தார். மூன்று வரி லிஸ்டை மூன்று முறை படிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. போட்டோ எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

*

தரகு நிறுவனத்தின் வாசலில் தம்பிக்காரன் எங்களுக்காகக் காத்திருந்தான். இருபத்தாறு வயது, கண்ணுக்குக் கீழே கருவளையம். அக்கா காரிலேயே இருந்துகொண்டார்.

“மாமா எப்படி இருக்காரு? ஏதாவது பேசுனாரா?”

“ஷூ போட்டு உட்கார்ந்திருக்காரு,” என்றேன். அவன் முகம் தொங்கிப் போயிற்று.

டீலிங் ரூமில் வரிசையாக மேசைகள், ஆளுக்கு நாலு ஸ்க்ரீன், எல்லாவற்றிலும் எண்கள். கோதுமை மேசை காலி. அதை ஒட்டி எண்ணெய் மேசை. நடுவில் இருந்த இடைவெளியில் ஒரு குடையை வைத்தால் அதுவே நெருக்கடி.

“எனக்கு இந்த வியாபாரம் ஒண்ணும் தெரியாது,” என்றார் அண்ணி. அண்ணி இப்படி ஆரம்பித்தால் எதிராளி ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. “டிக், டிக்குங்கறாங்களே, அது என்ன?”

“விலை எடுத்து வைக்கிற அடி மேடம். அதைவிடச் சின்ன அடி வைக்க முடியாது. எண்ணெய்ல ஒரு டிக்னா ஒரு சென்ட். ஒரு லாட்ல ஆயிரம் பேரல். அப்ப ஒரு டிக் நகர்ந்தா லாட்டுக்குப் பத்து டாலர்.” மடமடவென்று வந்தது.

“கோதுமையில?”

கொஞ்சம் நின்றான். “கால் சென்ட். லாட்டுக்கு ஐயாயிரம் புஷல், அது தானியம் அளக்குற கணக்கு. பன்னண்டரை டாலர்.”

“அப்ப உங்க எண்ணெய்ல எட்டு டிக்குன்னா எட்டு சென்ட். கோதுமையில எட்டு டிக்குன்னா ரெண்டே சென்ட்.”

“...ஆமா மேடம்.”

“பரவாயில்லையே, பக்கத்து மேசைக் கணக்கும் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. எப்ப கத்துக்கிட்டீங்க?”

“இப்பதான். இந்த வாரம்.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது போலிருந்தது. போன் வந்த மாதிரி எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தான். போன் அடிக்கவில்லை. எனக்குக் காது கேட்கும்.

அடுத்து ஃபைல் ரூம். அங்கே ஒரு அம்மாள் இருபது வருடமாக ஸ்லிப்புகளை அடுக்கி அடுக்கி, மனிதர்களையும் தேதிவாரியாகப் பார்க்கப் பழகியிருந்தார். அண்ணி நகலை நீட்டியதும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“இந்த ஸ்லிப் என்கிட்ட வரவே இல்லையே. முதலாளி ரூம்லயே வெச்சுக்கிட்டாரு.” பிறகு புருவம் சுருங்கியது. “இது கோதுமை ஸ்லிப்பா? இருக்காதே.”

“ஏன்?”

“கோடு போட்டு ஒரு நம்பர் எழுதியிருக்குல்ல, அது தசமம் இல்லம்மா. எட்டுல எத்தனை பங்குன்னு அர்த்தம். காலுக்கு ரெண்டு, அரைக்கு நாலு, முக்காலுக்கு ஆறு, முழுசுன்னா பூஜ்யம். விலை கால் காலாத்தானே நகருது? அதனால ஒத்தைப்படை வரவே வராது. கோதுமையில அஞ்சு கிடையாது.”

“மெஷின் ஒத்துக்காதா?”

“மெஷின் ஒத்துக்கும். புள்ளி வெச்சு 612.5ன்னு தட்டுனா, அரைன்னு புரிஞ்சுக்கிட்டு அதுவே நாலுன்னு காட்டிடும். கையால எழுதுறப்பதான் மாட்டும்.” பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினார். “பத்தொன்பது வருஷத்துக் கோதுமை அங்க இருக்கு. ஒரு அஞ்சு காட்டுங்க, நான் வேலையை விட்டுடுறேன்.”

நான் விடவில்லை. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து நாலு பெட்டி மஞ்சள் தாளைப் புரட்டினேன். பூஜ்யம், ரெண்டு, நாலு, ஆறு. பூஜ்யம், ரெண்டு, நாலு, ஆறு. அந்த அம்மாளின் வேலைக்கு ஆபத்தே வரவில்லை.

“அண்ணி, அப்ப பால் 1-4...”

“ஒண்ணே எட்டுல நாலு லிட்டர்,” என்றார் அண்ணி. “ஒன்றரை. மாட்டோட மூடுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல தம்பி.”

*

மணி மூன்றே கால். சாப்பிட நிறுத்திய ஓட்டல் வாசலில், காரில் வைத்து லென்ஸக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார் அண்ணி. அவர் உடனே பிடித்துக்கொண்டார்.

“எங்க லென்ஸ் மாதிரி. பவர் கால் காலாத்தான் ஏறும். ஒண்ணு, ஒண்ணேகால், ஒன்றரை. ஒண்ணே புள்ளி ஆறு வேணும்னு யாராவது சீட்டு எழுதி அனுப்புனா, அது டாக்டர் எழுதுனது இல்லேன்னு பார்த்த உடனே தெரிஞ்சிடும்.” மூச்சு வாங்கினார். “அப்ப அவரு எழுதலை! யாரோ கோதுமை தெரியாதவன், அரைன்னா அஞ்சுன்னு நினைக்கிறவன் எழுதியிருக்கான். தசமத்துலயே பழகுனவன். பக்கத்து...”

அங்கே நின்றார்.

வெளியே ஒரு பெண் சிக்னலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

“அந்த அஞ்சு,” என்றார் லென்ஸக்கா. நகலை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “தலையில கோடு தனியா நிக்குது பாருங்க. கையை எடுத்துட்டு அப்புறம் போடுவான். நான்தான் எழுதக் கத்துக்குடுத்தேன். சேர்த்துப் போடுடான்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்.”

அண்ணி திரும்பி உட்கார்ந்தார். “இங்கேயே நிறுத்திக்கலாம். நாங்க ஒண்ணும் கண்டுபிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போயிடுறோம். வீடு போகும், உங்க தம்பி தப்பிச்சுப்பாரு. உள்ள போனா உங்க வீட்டுக்காரரு தப்பிப்பாரு. ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

அவர் வெகுநேரம் விரல் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்லிச் சூழ்நிலையை லேசாக்கலாமா என்று யோசித்தேன். நல்லவேளை, ஒன்றும் தோன்றவில்லை.

“எனக்கு இப்ப ஒண்ணுமே தோணலை மேடம்,” என்றார். “வயிறு எரியணும்ல? எரியலை. கல்லு மாதிரி இருக்கு. ஆனா அந்த மனுஷன் காலையிலேர்ந்து ஷூவைப் போட்டுட்டு உட்கார்ந்திருக்காரு. வண்டியை விடுங்க தம்பி.”

விட்டேன்.

*

முதலாளியின் அறையில் ஏசி பல் கூசும் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டை எழுதிக் கொடுக்கும் பத்திரம் மேசை நடுவில் தயாராக இருந்தது, பக்கத்தில் மூடி திறந்த பேனா. கோதுமைக்காரர் ஒரு நாற்காலியில். எண்ணெய்த் தம்பி சுவரோரம். அக்கா உள்ளே வந்ததும் அவன் எழுந்து நின்றான். அவர் அவன் பக்கம் பார்க்கவில்லை.

“சட்டுனு முடிங்க,” என்றார் முதலாளி. ஆள் பருமன், கடிகாரம் அதைவிடப் பருமன். சர்க்கரை வியாபாரத்தில் வளர்ந்தவராம். பேச்சில் அது தெரியவில்லை.

“ரெண்டே நிமிஷம்,” என்றார் அண்ணி. இரண்டு மஞ்சள் ஸ்லிப்புகளை ஃபைல் ரூமிலிருந்து வாங்கி வந்திருந்தார். ஒன்றைக் கோதுமைக்காரர் முன்னால் வைத்தார், ஒன்றைத் தம்பிக்காரனிடம் நீட்டினார். “கோதுமை. அறுநூத்திப் பன்னண்டரை சென்ட். வழக்கமா ஸ்லிப்ல எப்படி எழுதுவீங்களோ அப்படி எழுதுங்க.”

“நானும் எழுதணுமா?” முதலாளி கிண்டலாகக் கேட்டார்.

“வேண்டாம் சார், உங்க கையெழுத்தை எங்க செக்குல பார்த்துக்குறோம்,” என்றேன்.

பேனா ஓடும் சத்தம் கேட்டது. எனக்கு உள்ளங்கை வேர்த்தது. எட்டு மாதத்தில் எனக்கு வேர்த்தது அன்றுதான். தம்பி 612-5 என்று எழுதுவான், மாமா 612-4 என்று எழுதுவார், நாங்கள் பத்திரத்தைக் கிழித்துவிட்டு டீ குடிக்கப் போவோம்.

அண்ணி முதலில் தம்பியின் ஸ்லிப்பை வாங்கினார்.

612-4.

பையன் ஒரு வாரமாகக் கோதுமைக் கணக்கைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை என்பதை நாங்கள் மறந்துவிட்டோம். எங்கே சறுக்கினோம் என்று ராத்திரி பகலாகத் தேடிக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

சரி, மாமாவுடையது இருக்கிறதே. அண்ணி திரும்பினார். கோதுமைக்காரர் தன் ஸ்லிப்பைத் தானே எல்லாருக்கும் தெரியும்படி திருப்பி வைத்தார்.

612-5.

அவர் அண்ணியைப் பார்த்தார். அந்த முகத்தில் வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. மழித்த தாடை அசையவில்லை. என்ன சோதனை என்று முதல் வார்த்தையிலேயே புரிந்துகொண்டு, பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகத் தெரிந்தே தப்பு எழுதியிருந்தார்.

முதலாளி மேசையைத் தட்டினார். “போதுமாம்மா? அவரே எழுதிக் காட்டிட்டாரு. பேனா அங்க இருக்கு சார், போடுங்க கையெழுத்தை.”

கோதுமைக்காரர் பேனாவை எடுத்தார். அண்ணி வாயைத் திறந்தார். அதற்குள் லென்ஸக்காவின் குரல் வந்தது.

“பால் ஒன்றரை லிட்டர்.”

எல்லாரும் திரும்பினோம்.

“ஃபிரிட்ஜ்ல எப்படி எழுதியிருக்கீங்க? ஒண்ணு, கோடு, நாலு. நம்ம வீட்ல சர்க்கரை ரெண்டரை கிலோன்னா ரெண்டு, கோடு, நாலு. டாக்டர் அரை மாத்திரைன்னு சொன்னதைக்கூட நாலுன்னுதான எழுதி வெச்சீங்க? நான்கூட நாலு மாத்திரையை முழுங்கப் பார்த்தேனே! அரைக்கு அஞ்சுன்னு எழுத எப்பங்க கத்துக்கிட்டீங்க?” நடுவில் ஒரு இடத்தில் குரல் உடைந்தது. “யாருக்காக கத்துக்கிட்டீங்க?”

நான் போனில் இருந்த போட்டோவை மேசைமேல் வைத்தேன். முதலாளி அதைப் பார்க்கவில்லை. தம்பிக்காரன் பார்த்தான். பிறகு மாமா எழுதிய ஐந்தைப் பார்த்தான். அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“மாமா,” என்றான். “உங்களுக்கு... முன்னாடியே தெரியுமா?”

“அந்த ஸ்லிப்பைப் பார்த்த அன்னிக்கே,” என்றார் கோதுமைக்காரர். “உட்காரு மாப்ள. முடிஞ்சுது விடு. நான் போட்டுட்டுப் போறேன்.”

பையன் உட்காரவில்லை. மேசைக்கு வந்தான். மாமாவின் விரல்களுக்கு நடுவிலிருந்து பேனாவை உருவினான். தன் ஸ்லிப்பை இழுத்து, 612-4இல் இருந்த நாலை அடித்தான். பக்கத்தில் ஐந்து என்று எழுதினான். கீழே ஒரு வளைவு, கையை எடுத்து, தலையில் தனியாக ஒரு கோடு.

“மாமா மானிட்டர்ல ‘ஸ்டாப் 8’ன்னு ஒரு சீட்டை ஒட்டிட்டு அக்காவைப் பார்க்க ஓடுனாரு. அதைப் போட்டுடுன்னு சார் என்கிட்ட சொன்னாரு. எங்க பக்கம் எட்டு டிக்கும் எட்டு சென்ட்டும் ஒண்ணுதான். வித்தது அறுநூத்தி நாலரை, எட்டைக் கூட்டி அறுநூத்திப் பன்னண்டரைன்னு தட்டிட்டேன்.” சொல்லச் சொல்ல அவன் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. “பணமெல்லாம் போனப்புறம் சார் மஞ்சத்தாளை நீட்டுனாரு. ஒரு மேசைக்காரன் இன்னொரு மேசையில ஆர்டர் போட்டது தெரிஞ்சா கம்பெனி லைசென்ஸ் போயிடும், மாமா பேர்ல எழுதுடா, மாமாவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னாரு. நான் எழுதிட்டேன். அப்புறம் வாயைத் திறக்கப் பயமா இருந்துச்சு. வீட்டைக் கேப்பாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

“பொய்!” என்றார் முதலாளி. அவ்வளவு பெரிய ஆளிடமிருந்து அவ்வளவு சின்னச் சத்தம்.

அண்ணி பத்திரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். “லைசென்ஸ் குடுத்தவங்க ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும் இருக்கும். பதினைஞ்சு நிமிஷத்துல போயிடலாம். இதை நீங்களே கிழிக்கிறீங்களா, தம்பி கிழிக்கட்டுமா?”

“நான் நல்லா கிழிப்பேன் சார். மார்க் ஷீட் கிழிச்சுப் பழக்கம்,” என்றேன்.

அவரே கிழித்தார். ‘கோரிக்கை எதுவும் இல்லை’ என்று அண்ணி சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்தும் போட்டார். தம்பிக்காரனுக்கு அந்த இடத்திலேயே வேலை போயிற்று. அவன் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை.

“என் மேலயும் தப்பு இருக்கு,” என்றார் கோதுமைக்காரர், யாரிடம் என்றில்லாமல். “எட்டுன்னு எழுதுனேன். எட்டு டிக்குன்னு எழுதலை. ஒரு வார்த்தை எழுதியிருந்தா பையன் மாட்டியிருக்க மாட்டான். நாப்பது பேரு வேலை கத்துக்கிட்ட மேசை அது. எழுதாம ஓடிட்டேன்.”

லென்ஸக்கா எழுந்தார். நேராகத் தம்பியிடம் போனார். கட்டு போட்ட அந்த வலது கையை ஓங்கி, அவன் கன்னத்தில் ஒரு அறை விட்டார். அறைக்கு வெளியே டீலிங் ரூமில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“அம்மா!” என்று கத்தியது அறை வாங்கியவன் இல்லை. கொடுத்தவர்.

கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். விரல் கட்டின்மேல் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. நிமிர்ந்தபோது அவர் கண்ணில் தண்ணீர், முகத்தில் ஆச்சரியம்.

“வலிக்குது,” என்றார் கணவரைப் பார்த்து. “ஏங்க, வலிக்குதுங்க. விரல் வலிக்குது.”

கோதுமைக்காரர் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கிக்கொண்டார். தம்பிக்காரன் கன்னத்தைத் தொடவில்லை. அக்கா காலடியில் அப்படியே உட்கார்ந்து, எட்டு நாள் அழுகையை ஒரேயடியாக அழ ஆரம்பித்தான். அவர் அவனை எழுப்பவில்லை. ஆனால் நகர்ந்தும் போகவில்லை.

*

திரும்பி வரும்போது அண்ணி முன் சீட்டில் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபீஸைப் பற்றி யாரும் பேசவில்லை. லென்ஸக்கா வாசல் வரை வந்து, எனக்கு ஒரு கூலிங் கிளாஸ் இலவசமாகப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதுதான் இந்த மாத வருமானம்.

“அண்ணி,” என்றேன். “நம்ம வீட்டுக்குப் பால் எவ்வளவு வாங்கணும்?”

“அரை லிட்டர்.”

“நாலுன்னு எழுதிக்கறேன். கடைக்காரன் நாலு லிட்டரைத் தூக்கிக் குடுத்தா, கோதுமை பாஷை தெரியாத ஆளுன்னு அவன் மேல ஒரு கேஸ் போட்டுடலாம்.”

ஜோக் அவ்வளவு நன்றாக இல்லை. எனக்கே தெரியும். ஆனால் அண்ணி சிரித்தார். முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம், பிறகு வாய் விட்டு. எட்டு மாதத்தில் அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்திருந்தது.

“உங்க அண்ணனுக்கு இது தெரிஞ்சிருந்தா...” என்றார் சிரித்துக்கொண்டே. “ரெண்டு மணி நேரம் சிரிச்சிருப்பாரு. சிரிச்சுட்டு, மறக்காம நாலு லிட்டர் வாங்கிட்டு வந்திருப்பாரு...”

அந்தச் சிரிப்பு நடுவழியில் வேறு ஒன்றாக மாறியது. முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. முன்னால் சிக்னலில் பச்சை விழுந்திருந்தது. நான் போகவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன்.

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கும் கண் முன்னால் ரோடு சரியாகத் தெரியவில்லை. அண்ணி அழுது முடிக்கும்வரை நான் ஜோக் எதுவும் சொல்லவில்லை.